சிறிய ஜூம் கேமரா: எதற்கு உதவும், எதற்கு உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், பறவைகளையும் கோயில் கோபுரங்களையும் படமெடுப்பதற்குக் கையடக்கமான ஜூம் கேமரா ஒன்றை வாங்கலாமா என்று தங்கள் நாளிதழின் வாசகர் கேள்விப் பகுதியில் சென்ற வாரம் கேட்டிருந்தார். இன்றைய கைபேசிகளே போதும், தனியாகக் கேமராவுக்குச் செலவிடுவது வீண் என்று இரண்டே வரிகளில் அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதில் பலருக்குப் பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் குறிப்பிட்ட இரண்டு காரியங்களுக்கும் அது பொருந்தாது. அரசுப் பள்ளியில் நெடுங்காலம் ஒளியியல் பாடம் நடத்தியவன் நான். கடந்த ஆறு ஆண்டுகளாக இத்தகைய கேமரா ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் புதுச்சேரி அருகே ஊசுடு ஏரிக்கரையிலும் நடந்து வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இக்கருவியின் நிறைகளையும் குறைகளையும் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவில் நீர் திறந்துவிடப்பட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணைக் கரையோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். என் மகளின் வீடு அந்தப் பக்கம்தான். தெருமுனையில் இருந்த மின்மாற்றியைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டதா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் யாரும் அருகே போகத் துணியவில்லை. மின்வாரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, மின்மாற்றியின் மீது எழுதியுள்ள பெயரையும் எண்ணையும் கேட்டார்கள். தெருவில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்களுக்கும் அந்த எண் தெரியவில்லை. மருமகன் மொட்டைமாடியிலிருந்து தம் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள் தகடும் அதன் மேல் கறுப்பாக ஏதோ கலைந்த கோடும் தெரிந்தனவே தவிர, ஓர் எழுத்தையும் படிக்க முடியவில்லை. நான் என் சிறிய கேமராவைக் கைப்பிடிச் சுவரின் மீது துண்டை மடித்து வைத்து, அதன் மேல் சாய்த்து, ஜூமை முழுவதும் நீட்டி மூன்று படங்கள் எடுத்தேன். பெயின்ட் உரிந்திருந்த இடம் உட்பட, எண் முழுவதையும் திரையில் படிக்க முடிந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். என் கேமரா முப்பது மடங்கு ஜூம் கொண்டது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் அளவில் சொன்னால், 24 மி.மீ. முதல் 720 மி.மீ. வரை குவியத் தொலைவு போகும் லென்ஸ்; இந்த எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். கைபேசியின் முதன்மைக் கேமராவும் பெரும்பாலும் இந்த 24 மி.மீ. அளவை ஒட்டியதே. அத்தகைய லென்ஸ், நூறு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 144 மீட்டர் அகலமுள்ள காட்சியை ஒரு படத்துக்குள் அடக்குகிறது. 720 மி.மீ. லென்ஸ் அதே தொலைவில் ஐந்து மீட்டருக்கும் குறைவான அகலத்தையே அடக்குகிறது. மின்மாற்றி ஏறக்குறைய 120 மீட்டர் தள்ளி இருந்தது. பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் எழுத்து அந்தத் தொலைவில் பன்னிரண்டு மெகாபிக்சல், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் கொண்ட கைபேசிப் படத்தில் இரண்டு புள்ளிகளுக்குச் சற்று மேல் உயரம் பெறும். என் கேமராவின் படத்தில் அறுபது புள்ளிகளுக்கு மேல் பெறும். இரண்டு புள்ளிகளை விரலால் எவ்வளவு விரித்துப் பார்த்தாலும் அவை பெரிய இரண்டு புள்ளிகள் ஆகுமே அன்றி எழுத்து ஆகா.

ஆப்டிகல் ஜூமுக்கும் டிஜிட்டல் ஜூமுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதில் கண்ணாடி வில்லைகள் முன்னும் பின்னும் நகர்ந்து தொலைவுக் காட்சியை உண்மையாகவே பெரிதாக்கி, ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் மீது விழச் செய்கின்றன. பின்னதில் ஏற்கெனவே விழுந்த சிறிய காட்சியின் நடுப்பகுதி வெட்டி எடுக்கப்பட்டுப் பெரிதாக்கப்படுகிறது. கைபேசி விளம்பரங்களில் நூறு மடங்கு ஜூம் என்று போடப்படுவதில் பெரும் பகுதி இந்த இரண்டாவது வகையே. விலை உயர்ந்த சில கைபேசிகளில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என உண்மையான தொலைநோக்கு லென்ஸ் தனியாக வைக்கப்பட்டிருப்பதையும், அவை தம் எல்லைக்குள் நல்ல படம் தருவதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த எல்லையைத் தாண்டியதும் மென்பொருள் ஊகத்தில் இறங்கிவிடுகிறது. சில கைபேசிகள் நிலவைக் கண்டால் அது நிலவு என்று அடையாளம் கண்டுகொண்டு, லென்ஸ் பார்க்காத நுணுக்கத்தையும் கூட்டித் தருகின்றன. பிறந்தநாள் படத்துக்கு அது குற்றமில்லை. ஒரு பறவையின் இறகில் உள்ள பட்டையை வைத்து அது இந்த இனமா அந்த இனமா என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு, இல்லாத பட்டையை வரைந்து தரும் கருவியால் பயனில்லை.

கேள்வி கேட்ட அன்பர் புதுச்சேரிக்காரர் என்று தெரிகிறது; ஆகவே ஊசுடு ஏரியையே எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலுமாக எண்ணூறு ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடக்கும் அந்த ஏரியில் பறவைகள் கரைக்கு வந்து நமக்காக நிற்பதில்லை. சென்ற மார்கழியில் ஒரு காலைப்பொழுது, கரையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி ஒரு நத்தைகுத்தி நாரை சேற்றில் நின்றுகொண்டிருந்தது. வெறுங்கண்ணுக்கு அது சாம்பல் கலந்த வெள்ளைக் குச்சி. ஜூமை நீட்டியதும், வளர்ந்த பறவைக்கே உரிய, முழுவதும் மூடாத அந்த அலகின் நடுவே உள்ள இடைவெளி வழியே பின்னால் இருந்த நீரின் பளபளப்பே தெரிந்தது. அது நத்தையை நீருக்கடியில் துழாவி எடுத்து, ஓட்டை நொறுக்காமல், கீழ் அலகின் நுனியை உள்ளே செலுத்திச் சதையை மட்டும் பிரித்து விழுங்கியதை ஏழெட்டுப் படங்களாக எடுத்தேன். அவற்றைப் பின்னர் பேத்திக்குக் காட்டியபோது, பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியாக இருந்த தகவமைப்பு என்ற சொல் அவளுக்கு விளங்கிற்று. ஐந்நூறு ரூபாய்த் தாள் கட்டுப் போலச் சட்டைப்பையில் இருந்த கருவிதான் இதைச் செய்தது. இதே எட்டத்தைப் பெரிய கேமராவில் பெற வேண்டுமானால், முழங்கை நீளத்துக்கு லென்ஸும், அதைத் தாங்க முக்காலியும், தோளில் மூன்று நான்கு கிலோ சுமையும் வேண்டும். என் வயதில் அதைச் சுமந்துகொண்டு ஏரிக்கரையில் ஒன்றரை மணி நேரம் நடக்க இயலாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் கேமரா எவ்வளவு சிறந்ததாக இருந்தும் என்ன?

கோபுரங்களுக்கும் இது பொருந்தும். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலின் ராஜகோபுரத்தைத் தினமும் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் மேல்நிலைகளில் உள்ள சுதை உருவங்களின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சந்நிதித் தெருவில் நின்று ஜூமை நீட்டினால், துவாரபாலகரின் கை விரல்களையும், வண்ணம் வெடித்த இடத்தையும், சுதையின் பிளவில் வேர்விட்டிருக்கும் அரசங்கன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். அந்தக் கன்று பெரிதாவதற்குள் கோயில் நிர்வாகத்துக்குக் காட்ட ஒரு படம் கையில் இருப்பது நல்லதல்லவா?

இதுவரை நிறைகள். இனிக் குறைகளுக்கு வருகிறேன். கடையில் யாரும் இவற்றைச் சொல்வதில்லை என்பதால் சற்றுக் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கேமராவுக்கு வேண்டியது வெளிச்சம். அது குறைந்தால் இக்கருவி தடுமாறிப் போகிறது. காரணம் சென்சாரின் அளவு. இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் 1/2.3 அங்குலம் எனக் குறிக்கப்படும் சென்சார் உள்ளது. அந்தப் பெயரே வாங்குபவரைக் குழப்புவது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த வெற்றிடக் குழாய்களின் விட்டத்தை வைத்துச் சொல்லப்பட்ட அளவு இன்றும் தொடர்கிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் அந்தச் சென்சார் 6.17 மி.மீ. அகலமும் 4.55 மி.மீ. உயரமும் உடையது. அதாவது, சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. ஒரு அங்குலச் சென்சார் என்று சொல்லப்படுவது 13.2 மி.மீ. அகலமும் 8.8 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பில் நான்கு மடங்கு பெரியது. திருமணப் படக்காரர்கள் வைத்திருக்கும் முழுச்சட்டகக் கேமராவின் சென்சாரோ பரப்பில் முப்பது மடங்கு பெரியது. மழை பெய்யும்போது முற்றத்தில் டம்ளரையும் அண்டாவையும் வைத்தால் எதில் அதிக நீர் சேரும் என்பது போன்றதே இதுவும். ஒளி குறைவாகச் சேர்ந்தால், கேமரா தான் பெற்ற சிறிதளவு மின்சமிக்ஞையைப் பெருக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பெருக்கும்போது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றைத் துடைக்க முயலும் மென்பொருள், முகத்தின் சுருக்கத்தையும் பட்டுப்புடவையின் சரிகையையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இன்றைய நடுத்தர விலைக் கைபேசிகள் பலவற்றின் முதன்மைச் சென்சார், இந்தச் சிறிய ஜூம் கேமராவின் சென்சாரை விடப் பெரியது. போதாக்குறைக்கு, கைபேசி ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்து இருட்டைச் சமாளிக்கிறது. எனவே வீட்டுக்குள், மண்டபத்தில், மாலைக்குப் பின் தெருவில், இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் இருப்பவரைப் படமெடுக்கக் கைபேசியே மேல். என் தங்கை மகளின் திருமணத்தில் மாலை வரவேற்பின்போது நான் இந்தக் கேமராவில் எடுத்த படங்களையும், பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் தன் கைபேசியில் எடுத்த படங்களையும் ஒப்பிட்டபோது, குடும்பத்தார் அவனுடைய படங்களையே ஆல்பத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அது சரியான முடிவுதான். இரவில் சுவாமி புறப்பாட்டின்போது தீவட்டி வெளிச்சத்தில் நகரும் பல்லக்கையும் இது எனக்கு ஒருமுறையும் தெளிவாகத் தந்ததில்லை.

ஜூமை நீட்ட நீட்ட இந்தக் குறை இன்னும் கூடுகிறது என்பதைத்தான் வாங்குபவர்கள் அறிவதே இல்லை. எடுத்துக்காட்டாக, 2018-இல் வெளிவந்த கேனான் பவர்ஷாட் எஸ்.எக்ஸ்.740 எச்.எஸ். என்ற கேமராவைப் பார்ப்போம். நாற்பது மடங்கு ஜூம், முந்நூறு கிராமுக்கும் ஒரு கிராம் குறைவான எடை. பொறியியல் சாதனை என்றே சொல்லலாம். அதன் லென்ஸ் துளை, ஜூம் சுருங்கியிருக்கும்போது எஃப் 3.3, முழுவதும் நீண்டிருக்கும்போது எஃப் 6.9. இந்த எண் கூடினால் உள்ளே வரும் ஒளி அதன் வர்க்க விகிதத்தில் குறையும். கணக்குப் போட்டால், ஜூம் முழுவதும் நீண்ட நிலையில் சென்சாரை அடையும் ஒளி, சுருங்கிய நிலையில் அடைவதில் கால் பங்குக்கும் குறைவு. அதே வேளையில், தொலைவைப் பெரிதாக்கும்போது கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகிறது. ஆகவே ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் வேகமாகத் திறந்து மூட வேண்டும். ஆனால் அதற்குப் போதிய ஒளியோ இல்லை. சுள்ளென்று வெயில் அடிக்கும் காலை எட்டு மணிக்கு இந்த முரண்பாடு தலைகாட்டுவதில்லை. மேகம் மூடிய மார்கழி மாலையில் நன்றாகவே தலைகாட்டுகிறது. நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பு இந்தக் கேமராக்களில் உண்டு. நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் மழை மூட்டத்திலும் மின்மாற்றியின் எண்ணை என்னால் எடுக்க முடிந்தது. ஆனால் அது நம் கையின் நடுக்கத்தைத்தான் தாங்கும். மின்மாற்றி அசையாது, மீன்கொத்தி அசையும். நீருக்குள் பாயும் மீன்கொத்தியை ஆறு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. நீரில் எழும் வளையம் மட்டும் பல படங்களில் இருக்கிறது.

சிதம்பரத்துக் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் வரிசையாக உள்ள நாட்டியக் கரணச் சிற்பங்களை எடுக்கப் போனபோதும் இதுவே நேர்ந்தது. வெளியே நின்று கோபுர உச்சியை எடுத்தபோது கத்தி முனை போல வந்த படம், வாயிலுக்குள் நுழைந்ததும் கருங்கல்லின் மீது சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது. அங்கே ஜூமைத் தொடாமல், சுவரில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து எடுத்த சில படங்கள் மட்டுமே தேறின.

ஃபோகஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாணல் புதருக்குள் இருக்கும் பறவையை நோக்கினால், இந்தக் கேமரா பறவையை விட்டுவிட்டு முன்னால் உள்ள நாணலைப் பிடித்துக்கொள்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடி முடிப்பதற்குள் பறவை போய்விடுகிறது. பல மாடல்களில் கண்ணருகே வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது; நான் மேலே சொன்ன மாடலிலும் இல்லை. வெள்ளி மணலில் பட்டுத் தெறிக்கும் கடற்கரை வெயிலில் பின்திரை கறுப்புக் கண்ணாடியாகத்தான் தெரிகிறது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, முப்பது மடங்கு ஜூமில் வானத்துப் பருந்தைத் தேடுவது, வைக்கோல் குழலுக்குள் கண்ணை வைத்துத் தெருவில் போகும் ஆளைத் தேடுவது போன்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஜூம் சற்றுச் சுருங்கி, இலக்கைக் காட்டிவிட்டு, விட்டதும் மீண்டும் நீளும் வசதி சில மாடல்களில் உண்டு. வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

கானல் என்பது கேமராவின் குறையன்று. ஆனால் பழி கேமராவின் மீது விழுகிறது. பகல் பதினொரு மணிக்கு மேல் தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சின் மணலுக்கு மேலே காற்று கொதித்து நெளிகிறது. அந்த நேரத்தில் தொலைவில் உள்ள படகை ஜூம் செய்தால், படகின் விளிம்பும் நெளிந்தே வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை எடுப்பதே ஒரே வழி.

அடுத்து வருவது, கடலோரம் வாழும் நம்மை மட்டும் குறிப்பாகத் தாக்கும் குறை. இந்தக் கேமராக்களின் லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாக அமைந்தது. ஒவ்வொரு முறை நீளும்போதும் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது; அந்தக் காற்றோடு உப்பும் ஈரமும் நுண்மணலும் சேர்ந்தே வருகின்றன. மூன்றாம் ஆண்டில், மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக் கூட்டத்துக்கு நடுவே நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது காற்று பலமாக வீசியது. வீட்டுக்கு வந்து கேமராவை அணைத்தேன். லென்ஸ் பாதி உள்ளே போனதும், பல்லுக்கிடையில் கல் அகப்பட்டது போன்ற ஒரு நறநறப்புக் கேட்டது. அத்துடன் நின்றுவிட்டது. மீண்டும் போட்டால் லென்ஸ் பிழை என்ற வாசகம் திரையில் தோன்றி மறைந்தது. குழாய்களின் இடுக்கில் இரண்டே இரண்டு மணல் துகள்கள் பளபளத்தன, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பழுதுபார்க்கும் இடத்துக்கு எடுத்துச் சென்றபோது, லென்ஸ் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றும், அதற்கு கேமரா விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்றும், உதிரிப்பாகம் வரும் நாளைச் சொல்ல இயலாது என்றும் தெரிவித்தார்கள். நான்கு மாதங்கள் காத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்ற பதிலே வந்தது. கடைசியில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் மெல்லிய தூரிகையும் காற்றுக் குமிழும் கொண்டு பொறுமையாக ஊதி ஊதி அந்தத் துகள்களை எடுத்துக் கொடுத்தார். இன்றும் ஜூம் நீளும்போது லேசாக ஒரு முனகல் இருக்கிறது. அன்றிலிருந்து கடற்கரையில் கேமராவைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, லென்ஸ் முகத்துக்கு மட்டும் துளைவிட்டு, விளிம்பை ரப்பர் வளையத்தால் கட்டியே பயன்படுத்துகிறேன். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் அலமாரியில் சும்மா வைத்த கேமராவின் லென்ஸுக்குள் நூலாம்படை போலப் பூஞ்சை படர்வதை நம் ஊரில் பலர் பார்த்திருப்பார்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பது நல்ல யோசனையன்று. அரிசித் தூளே உள்ளே போகும்.

உதிரிப்பாகத் தட்டுப்பாட்டுக்கு ஒரு பெரிய காரணமும் உண்டு. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய சிறிய கேமராக்களே. கைபேசிகள் வந்த பின் 2023-இல் எல்லா வகைக் கேமராக்களையும் சேர்த்தும் அந்த எண்ணிக்கை ஒரு கோடியைத் தொடவில்லை. புதிய மாடல்கள் அரிதாகிவிட்டன. இப்போது இளைஞர்கள் பழைய சிறு கேமராக்களைத் தேடி வாங்குவதால், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தை போன்ற இடங்களில் பழைய பொருள் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லென்ஸை ஐந்தாறு முறை முழுவதும் நீட்டிச் சுருக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள்; வெள்ளைச் சுவரையோ வானத்தையோ முழு ஜூமில் எடுத்து, படத்தில் கரும்புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள்; லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை உள்ளதா என்று பாருங்கள்; அந்த மாடலுக்குரிய பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள். பேட்டரியைப் பொறுத்தவரை, புதிய கேமராவிலும் ஒரு நாளைக்கு இரண்டு வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட மாடலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கே ஒரு முறை ஏற்றினால் 265 படங்கள்தான்.

அப்படியானால் எட்டமும் வேண்டும், வெளிச்சக் குறைவையும் தாங்க வேண்டும் என்பவர் என்ன செய்வது? இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வகை உண்டு. பானசோனிக் நிறுவனம் 2016-இல் டி.இசட்.100 என்ற மாடலில் ஒரு அங்குலச் சென்சாரைச் சட்டைப்பை அளவுக் கேமராவுக்குள் வைத்தது. சென்சார் பெரிதானதால் ஜூம் பத்து மடங்காகச் சுருங்கியது. 2018-இல் வந்த டி.இசட்.200 பதினைந்து மடங்குக்குப் போனது. ஆனால் லென்ஸ் துளை அதற்கு ஏற்பக் குறுகியது. சோனி நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்.100 வரிசையிலும் இதே பேரம்தான். ஒளியியலில் இலவசம் என்று எதுவும் கிடையாது. சென்சார், ஜூம், கேமராவின் பருமன் ஆகிய மூன்றில் இரண்டைப் பெற்றால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். கோயில், குடும்பம், பயணம், இடையிடையே ஒரு பறவை என்று எடுப்பவருக்கு ஒரு அங்குல வகை பொருந்தும், விலை கூடுதல். பறவையும் கோபுர உச்சியுமே குறி, அதுவும் பகலில் மட்டும் என்பவருக்கு முப்பது, நாற்பது மடங்கு வகையே பொருந்தும். கேள்வி கேட்ட அன்பர் இந்த இரண்டாம் வகையினர் என்பதால், அவர் வாங்கலாம் என்பதே என் கருத்து. இரவுக்கும் வீட்டுக்குள்ளும் எடுப்பதற்கு அவருடைய கைபேசி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஜூமைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் தாம் படமெடுக்கப்படுவதை அறிய மாட்டார். கடற்கரையில் வலை உலர்த்தும் பெண்களையும் குளிக்கும் குழந்தைகளையும் தொலைவிலிருந்து இந்தக் கேமராவால் எடுப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அருகே சென்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எடுப்பதே முறை. அவ்வளவு அருகே போன பிறகு ஜூமே தேவைப்படாது.

கேமரா விற்பவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அட்டைப்பெட்டியின் முகப்பில் இத்தனை மடங்கு ஜூம் என்ற எண் மட்டும் உள்ளங்கை அளவுக்கு அச்சிடப்படுகிறது. சென்சாரின் அளவையும், முழு ஜூமில் லென்ஸ் துளையின் எண்ணையும் கடைக்காரர்களாவது விலைச்சீட்டில் சேர்த்து எழுதலாம். அரிசி மூட்டையில் எடையோடு ரகத்தையும் எழுதுகிறோமே, அது போல.

அன்பருக்கு இறுதியாக ஒரு யோசனை. கடைக்குப் பகலில் போகாமல் மாலை ஐந்தரை மணிக்குப் போகட்டும். சொந்த மெமரி கார்டு ஒன்றை எடுத்துச் சென்று, கடைக்காரரின் அனுமதியோடு கேமராவில் போட்டு, தெருவின் எதிர்க்கோடியில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை முழு ஜூமில் எடுக்கட்டும். விளக்கேற்றும் நேரம் வரை காத்திருந்து, அதே பலகையை அதே இடத்தில் நின்று மீண்டும் எடுக்கட்டும். இரண்டையும் வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முதல் படத்துக்காக இரண்டாவது படத்தைப் பொறுத்துக்கொள்ளத் தம்மால் முடியும் என்று தோன்றினால் மறுநாள் போய்ப் பணத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.